ரிப்போர்ட் எல்லாம் நார்மல், ஆனாலும் உடம்பு முடியலையா? மனச்சோர்வு உடலில் காட்டும் அறிகுறிகள்

தலைவலிக்குக் கண் டாக்டரைப் பார்த்தாச்சு. கண்ணாடி பவர் மாறவில்லை. நெஞ்சில் ஏதோ அழுத்துகிற மாதிரி இருக்கிறதே என்று இ.சி.ஜி. எடுத்தாச்சு, நார்மல். வயிற்று உப்புசத்துக்கு ஸ்கேன், அசதிக்கு ரத்தப் பரிசோதனை; அதுவும் நார்மல். "உங்களுக்கு ஒண்ணும் இல்ல, டென்ஷனைக் குறைச்சுக்கோங்க" என்று சொல்லி ஒரு வைட்டமின் மாத்திரையும் ஒரு அசிடிட்டி மாத்திரையும் எழுதிக் கொடுக்கிறார் டாக்டர். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அந்த உடம்புக்குச் சொந்தக்காரருக்கு மட்டும் குழப்பம். ஒண்ணும் இல்லை என்றால், காலையில் படுக்கையை விட்டு ஏன் எழுந்திருக்கவே முடியவில்லை?

வேலைக்காக ஊரை விட்டு நகரத்துக்கு வந்து சேர்ந்த பலருக்கு இந்த அலைச்சல் பழக்கமானதுதான். நார்மல் ரிப்போர்ட் வந்தாலே மனச்சோர்வு என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் இப்படி ஒவ்வொரு உறுப்பாகப் பரிசோதனை செய்துகொண்டே போகும்போது, கடைசிவரை யாருமே கேட்காமல் விட்டுப்போகிற கேள்வி ஒன்று உண்டு: "மனசு எப்படி இருக்கு?"

மனச்சோர்வு என்றால் அழுகை மட்டும்தானா?

மனச்சோர்வு என்றதும் நம் கண் முன்னே வருவது இருட்டறையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழும் ஒருவரின் படம். சினிமாவும் சமூக ஊடகங்களும் பழக்கிய படம் அது. மருத்துவர்கள் கையில் வைத்திருக்கும் பட்டியல் வேறு மாதிரி இருக்கிறது.

மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேடு, மனச்சோர்வு நோய்க்கு 9 அறிகுறிகளைச் சொல்கிறது. நாளின் பெரும்பகுதி மனம் வாடிக் கிடப்பது, முன்பு பிடித்த விஷயங்களில்கூட ஆர்வம் போய்விடுவது, தூக்கம் மாறுவது, பசி அல்லது எடை மாறுவது, உடல் தளர்வு, அசைவும் பேச்சும் மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, கவனம் சிதறுவது, தன்னைப் பற்றியே தாழ்வாகவோ குற்ற உணர்வோடோ நினைப்பது, சாவைப் பற்றிய எண்ணங்கள். இவற்றில் குறைந்தது 5 அறிகுறிகள், கிட்டத்தட்ட தினமும், 2 வாரங்களுக்கு இருந்து, அன்றாட வாழ்க்கையைப் பாதித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அந்த 5-ல் முதல் இரண்டில் ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டும்.

இந்த 9-ஐ இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். தூக்கம், பசி, தளர்வு, அசைவு என நான்கு, உடம்பில் தெரியும் அறிகுறிகள். 'மனநோய்' என்று நாம் பெயர் வைத்திருக்கும் ஒன்றின் அடையாளங்களில் ஏறத்தாழ பாதி உடம்பில்தான் இருக்கிறது. தலைவலி, முதுகுவலி, வயிற்றுக் கோளாறு போன்றவை இந்தப் பட்டியலிலேயே வராது. ஆனால் மனச்சோர்வு உள்ளவர்கள் அதிகம் சொல்லும் புகார்கள் அவை.

10-ல் 7 பேர் சொன்னது உடம்பைப் பற்றி மட்டுமே

உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுத் தரவுகளை வைத்து 1999-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு கட்டுரை வெளியானது. 14 நாடுகளில் 15 இடங்களில் பொது மருத்துவர்களைப் பார்க்க வந்தவர்களிடம் நடத்திய ஆய்வு அது. நம் பக்கத்து பெங்களூருவும் அந்த 15 இடங்களில் ஒன்று. மனச்சோர்வு இருப்பதாக உறுதியான 1,146 பேரின் தகவல்களை ஆராய்ந்தபோது, அவர்களில் 69% பேர் டாக்டரிடம் வந்ததற்கு உடல் தொந்தரவுகளை மட்டுமே காரணமாகச் சொல்லியிருந்தார்கள். மனசு சரியில்லை என்று அவர்கள் வாயைத் திறக்கவில்லை.

அதே ஆய்வில் இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. ஒன்று, மனதைப் பற்றி நேரடியாகக் கேட்டபோது 'அப்படியெல்லாம் எதுவும் இல்லை' என்று மறுத்தவர்கள் 11% மட்டுமே. மற்றவர்கள், கேட்டால் சொல்கிறார்கள், கேட்காததால் சொல்லவில்லை. இரண்டு, நோயாளிக்கும் டாக்டருக்கும் தொடர்ச்சியான பழக்கம் இல்லாத இடங்களில்தான் உடல் தொந்தரவை மட்டும் சொல்வது அதிகமாக இருந்தது.

இரண்டாவது விஷயம் இன்றைய இளைஞர்களுக்கு அப்படியே பொருந்தும். ஊரில் இருந்தவரை பிறந்ததில் இருந்து பார்த்துவரும் ஒரு டாக்டர் இருந்திருப்பார். "என்னடா, முகமே வாடிப்போச்சு?" என்று அவரே கேட்டுவிடுவார். நகரத்தில் தலைவலிக்கு ஒருவர், வயிற்றுக்கு ஒருவர், செயலியில் வீடியோ கால் மூலம் ஒருவர். ஒவ்வொருவரும் ஒரு உறுப்பைப் பார்க்கிறார்கள். மொத்தமாக ஆளைப் பார்க்க யாரும் இல்லை.

சென்னையில் 25,455 பேரிடம் நடத்தி 2009-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், சுமார் 15% பேரிடம் மனச்சோர்வுக்கான அறிகுறிகள் தென்பட்டன. அதில் அதிகம் பேர் சொன்ன அறிகுறி வாடிய மனநிலை, 30.8%. அதற்கு அடுத்து, மயிரிழை வித்தியாசத்தில் வந்தது உடல் அசதி, 30.0%.

நம் பேச்சிலேயே இருக்கிறது

மனமும் உடலும் வேறு வேறு என்று தமிழ் ஒருபோதும் நினைத்ததாகத் தெரியவில்லை. நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தால் 'கால் உளையுது' என்கிறோம். மனம் சரியில்லை என்றால் 'மன உளைச்சல்' என்கிறோம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். கவலை வந்தால் 'நெஞ்சு கனக்குது', பயம் வந்தால் 'வயித்தைப் பிசையுது', எதுவுமே பிடிக்கவில்லை என்றால் 'உடம்பே ஒரு மாதிரி இருக்கு'. மனச்சோர்வு என்ற சொல்லிலேயே சோர்வு இருக்கிறது.

ஆகவே 'உடம்பு முடியல' என்று ஒருவர் சொன்னால், அவர் எதையும் மறைக்கிறார் என்று நினைக்க வேண்டியதில்லை. தனக்குத் தெரிந்த மொழியில் உண்மையைத்தான் சொல்கிறார். கேட்பவர்தான் அதை உடம்போடு நிறுத்திவிடுகிறார்.

உடம்பு என்னென்ன சொல்லும்?

*தூக்கம்:* தூக்கம் வராமல் புரள்வது ஒரு வகை. மனச்சோர்வில் இன்னொரு வகை அதிகம்: படுத்ததும் தூங்கிவிடுவார்கள், ஆனால் 3 மணி, 4 மணிக்கு விழிப்பு வந்துவிடும். அதன்பிறகு தூக்கம் திரும்பாது. அந்த அதிகாலை நேரத்தில்தான் மனதும் மிக மோசமாக இருக்கும். பகல் ஏற ஏறக் கொஞ்சம் லேசாகி, மாலையில் ஓரளவு சரியாகும். சிலருக்கு இது நேர்மாறாக, 10 மணி நேரம் தூங்கியும் தூக்கம் போதாது.

*அசதி:* வேலை செய்த களைப்புக்கு ஓய்வு மருந்து. இந்த அசதிக்கு ஓய்வு எடுத்தும் பலன் இருக்காது. சனி, ஞாயிறு முழுக்கப் படுத்தே கிடந்தாலும் திங்கட்கிழமை காலை அதே பாரம். குளிப்பது, தட்டைக் கழுவி வைப்பது, வாட்ஸ்அப் செய்திக்குப் பதில் போடுவது போன்ற சின்ன வேலைகள்கூட மலையாகத் தெரியும். கை கால்களில் ஈயத்தைக் கட்டிவிட்ட மாதிரி இருக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு.

*பசியும் எடையும்:* சாப்பாட்டில் ருசியே தெரியாமல் போகலாம். நேரமாகிவிட்டதே என்று சாப்பிடுவார்கள். சிலருக்கு எதிர்ப்புறமாக, இரவு நேரத்தில் இனிப்பும் நொறுக்குத் தீனியும் தேடும். டயட் எதுவும் இல்லாமல் ஒரே மாதத்தில் உடல் எடை 5 சதவீதத்துக்கு மேல் ஏறுவதோ இறங்குவதோ கவனிக்க வேண்டிய மாற்றம். 60 கிலோ உள்ளவருக்கு அது 3 கிலோ.

*வலி:* பின்கழுத்து, தோள்பட்டை, முதுகு, தலை. வலி ஓரிடத்தில் நிற்காமல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். மாத்திரை போட்டால் சில மணி நேரம் அடங்கும், மறுபடி வரும். நாற்காலியை மாற்றிப் பார்ப்பார்கள், தலையணையை மாற்றிப் பார்ப்பார்கள்.

*வயிறு:* உப்புசம், குமட்டல், மலச்சிக்கல், திடீர் வயிற்றுப்போக்கு. குடலுக்கும் மூளைக்கும் நேரடி நரம்புத் தொடர்பு இருக்கிறது. மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருளில் பெரும்பகுதி உடலில் இருப்பதே குடலில்தான்.

*நெஞ்சு:* படபடப்பு, அழுத்தம், மூச்சு முழுமையாக உள்ளே போகாத உணர்வு. மனச்சோர்வோடு பதற்றமும் சேர்ந்து வரும்போது இவை அதிகம்.

*வேகம்:* நடை தளர்ந்துபோகும், பேச்சின் சத்தம் குறையும், ஒரு கேள்விக்குப் பதில் வரவே நேரமாகும். சம்பந்தப்பட்டவருக்கு இது தெரியாது. பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். சிலருக்கு மாறாக, ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு இருக்கும்.

*தாம்பத்திய ஆர்வம்:* இதைப் பற்றி யாரும் வெளியே பேசுவதில்லை. ஆனால் பாலியல் ஆர்வம் குறைவது மனச்சோர்வின் பரவலான அறிகுறி. துணைவர் மேல் பாசம் குறைந்துவிட்டதாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டு, வீட்டில் சண்டைக்கு வழி வகுப்பதும் இதுதான்.

மனசுக்கு முடியவில்லை என்றால் முதுகு ஏன் வலிக்கிறது?

வலியை உணர்வது மூளை. காலில் முள் குத்தினால் அந்தச் செய்தி நரம்பு வழியே மேலே போகிறது. அதே நேரத்தில் மூளையில் இருந்து கீழ் நோக்கியும் ஒரு கட்டளை வருகிறது. வரும் வலிச் செய்திகளில் எதை உள்ளே விடலாம், எதைக் குறைக்கலாம் என்று முடிவு செய்வது அது. ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு போல.

இந்தத் திருகை இயக்குவதில் செரட்டோனின், நார்எபிநெஃப்ரின் என்ற இரண்டு வேதிப்பொருட்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மனநிலை, தூக்கம், பசி ஆகியவற்றோடு தொடர்புள்ளவையும் இவைதான். இந்த ஏற்பாட்டில் கோளாறு ஏற்படும்போது, சாதாரண நாளில் மூளை கண்டுகொள்ளாமல் விட்டிருக்கும் சின்னச் சின்ன வலிகள்கூட உரக்கக் கேட்க ஆரம்பிக்கின்றன. மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் டுலோக்செட்டின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகளை நரம்பு வலிக்கும் டாக்டர்கள் எழுதுவது இந்தத் தொடர்பால்தான்.

இன்னொரு பக்கம், நீண்ட நாள் மன அழுத்தம் கார்டிசால் என்ற ஹார்மோனின் ஒழுங்கைக் குலைக்கிறது. அது தூக்கம், பசி, ரத்தச் சர்க்கரை எல்லாவற்றிலும் கை வைக்கும் ஹார்மோன். மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு பகுதியினரின் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் பொருட்கள் கூடுதலாக இருப்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காய்ச்சல் வந்தால் உடம்பு அடித்துப்போட்டது போல இருக்கிறதே, அதற்கும் இதுபோன்ற அழற்சிதான் காரணம்.

சுருக்கமாகச் சொன்னால், அந்த வலி நிஜம். கற்பனையும் இல்லை, நடிப்பும் இல்லை. எக்ஸ்ரேயில் தெரியாது, அவ்வளவுதான். "எல்லாம் உன் மனப்பிரமை" என்று சொல்வதால் வலி குறையப்போவதில்லை. அடுத்த முறை அவர் வலியைச் சொல்லாமல் விடுவார்.

சாதாரணக் களைப்பா, மனச்சோர்வா?

டெட்லைன் வாரத்தில் தூக்கம் கெடுவதும், நெருங்கியவரை இழந்த துக்கத்தில் சாப்பாடு இறங்காமல் போவதும் இயல்பு. எல்லாவற்றுக்கும் நோய்ப் பெயர் வைக்கத் தேவையில்லை. வேறுபடுத்திப் பார்க்க நான்கு கேள்விகள் உதவும்.

ஒன்று: எத்தனை நாள்? 2 வாரங்களுக்கு மேல் கிட்டத்தட்ட தினமும் இருக்கிறதா?

இரண்டு: எத்தனை? வலி மட்டும்தானா, அல்லது வலியோடு தூக்கம், பசி, கவனம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கெட்டிருக்கிறதா?

மூன்று: ஓய்வு எடுத்தால் சரியாகிறதா? லீவு போட்டு ஊருக்குப் போய், அம்மா கையால் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்தும் அதே நிலைதானா?

நான்கு: பிடித்தது இன்னும் பிடிக்கிறதா? களைத்துப்போனவருக்கு கிரிக்கெட் பார்க்கத் தெம்பு இருக்காது, ஆனால் ஆசை இருக்கும். மனச்சோர்வில் அந்த ஆசையே வற்றிவிடும். விளையாட்டு, பாட்டு, நண்பர்கள், பிரியாணி எதுவானாலும் 'ஏதோ ஒண்ணு' என்றாகிவிடும்.

நான்கில் இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியமானது. வலியும் அசதியும் பல நோய்களில் வரும். அதோடு ஆர்வமும் வற்றினால் மனதைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும்.

முதலில் வேறு காரணங்களைப் பார்க்க வேண்டாமா?

கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தால் அசதி, எடை கூடுதல், மந்தம் எல்லாம் வரும். ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு ஆகியவையும் மனச்சோர்வு போலவே தோற்றம் காட்டும். வேறு நோய்களுக்கு எடுக்கும் சில மருந்துகளும் காரணமாகலாம். ஹீமோகுளோபின், டி.எஸ்.எச்., பி12, சர்க்கரை அளவு போன்ற சில பரிசோதனைகள் இவற்றில் பெரும்பாலானவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ புதிதாக வந்தால், 'மனசுதான் காரணம்' என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது. முதலில் இதயத்தைப் பார்த்தாக வேண்டும். காரணமில்லாமல் எடை தொடர்ந்து குறைவது, நாள்பட்ட காய்ச்சல், மலத்தில் ரத்தம், கை கால் மரத்துப்போவது ஆகியவற்றுக்கும் இதே விதிதான்.

இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. சர்க்கரை நோய், இதய நோய், நாள்பட்ட வலி உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பி12 குறைவு என்று ரிப்போர்ட் வந்துவிட்டால், ஊசி போட்டு முடித்த பிறகும் அசதி போகவில்லையா என்று திரும்பிப் பார்க்க வேண்டும்.

யார் யாரிடம் எளிதில் தவறிப்போகிறது?

ஆண்களிடம் இது பல நேரம் எரிச்சலாகவும் கோபமாகவும் வெளிப்படும். அழுவது வெட்கம், கோபப்படுவது சகஜம் என்று வளர்த்திருக்கிறோம். இரவில் 'கொஞ்சம் போட்டால்தான் தூக்கம் வருது' என்று மதுவில் ஆரம்பிப்பவர்களும் உண்டு. மது தூங்க வைக்கிற மாதிரி தெரியும். பின்னிரவில் தூக்கத்தைக் கெடுத்து, மனச்சோர்வையும் கூட்டிவிடும்.

பிரசவமான பெண்களிடம் 'குழந்தை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று எல்லா அசதியையும் அதில் தள்ளிவிடுகிறோம். குழந்தை அயர்ந்து தூங்கும்போதும், பக்கத்தில் ஆள் இருக்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வரவில்லை என்றால் அதை லேசாக விடக் கூடாது.

ஊரில் இருக்கும் பெற்றோர் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. "மூட்டு வலிப்பா, சாப்பிடவே பிடிக்கல, ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டே கிடக்கேன்" என்று அம்மா போனில் சொன்னால், மூட்டு வலி மருந்தை கூரியரில் அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். வயதானவர்களின் மனச்சோர்வு பெரும்பாலும் இப்படி உடம்பு வழியாகவும் மறதி வழியாகவும்தான் தெரியவரும்.

சுயபரிசோதனை செய்துகொள்ளலாமா?

பி.எச்.கியூ.-9 என்ற 9 கேள்விகள் கொண்ட படிவம் உலகம் முழுக்கப் பயன்பாட்டில் உள்ளது, தமிழிலும் இருக்கிறது. 2001-ல் வெளியான இதில் கடந்த 2 வாரங்களைப் பற்றிக் கேட்பார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரைப் பார்ப்பது நல்லது. 9-வது கேள்வி, செத்துவிடலாம் அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணத்தைப் பற்றியது. மொத்த மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும், அந்தக் கேள்விக்கு 0 தவிர வேறு பதில் வந்தால் உடனே யாரிடமாவது பேச வேண்டும்.

இது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது போலத்தான். காய்ச்சல் இருக்கிறதா என்று சொல்லும். எதனால் என்று சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

மனநல மருத்துவரிடம்தான் முதலில் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஏற்கெனவே பார்க்கும் பொது மருத்துவரிடமே ஆரம்பிக்கலாம். கூட்டம் அதிகமுள்ள கிளினிக்கில் ஒருவருக்கு 5 நிமிடம் கிடைத்தாலே அதிகம். 'தலைவலி' என்று மட்டும் சொன்னால் அந்த 5 நிமிடமும் தலைவலிக்கே போய்விடும்.

இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: "டாக்டர், ரெண்டு மாசமா தலைவலி. அதோட தூக்கமும் சரியில்ல, எதுலயும் இஷ்டமும் இல்ல. இது மனசு சம்பந்தமா இருக்குமான்னும் பார்க்கணும்." மூன்றே வாக்கியம். வலி, தூக்கம், ஆர்வம் மூன்றும் ஒரே மேஜைக்கு வந்துவிடும். பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் கொண்டுபோவதும், முடிந்தவரை ஒரே டாக்டரிடம் தொடர்வதும் ஒரே ஸ்கேனைத் திரும்பத் திரும்ப எடுக்கும் செலவைக் குறைக்கும்.

சிகிச்சை எடுத்தால் உடம்பு சரியாகுமா?

பெரும்பாலானவர்களுக்குச் சரியாகும். லேசான நிலையில் ஆலோசனை சிகிச்சையும் ஒழுங்கான உடற்பயிற்சியும் போதுமானதாக இருக்கலாம். அறிவுசார் நடத்தை சிகிச்சை எனப்படும் முறைக்கு நல்ல ஆதாரம் உண்டு. நடுத்தர, தீவிர நிலைகளில் மாத்திரை தேவைப்படும்.

மாத்திரை எடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அது தலைவலி மாத்திரை போல அரை மணி நேரத்தில் வேலை செய்யாது. பலன் தெரிய 2 முதல் 4 வாரங்கள் ஆகும், முழுப் பலனுக்கு அதற்கு மேலும் ஆகலாம். முதல் சில நாட்களில் குமட்டல், தலைவலி போன்ற பக்கவிளைவுகள் பலனுக்கு முன்பே வந்து நிற்கும். 'மாத்திரை ஒத்துக்கல' என்று பலர் நிறுத்திவிடுவது இந்தக் கட்டத்தில்தான். நிறுத்தாமல் டாக்டரிடம் பேசினால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடுகிறதா என்று வீட்டில் உள்ளவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

சரியான பிறகும் குறைந்தது 6 மாதங்கள் தொடரச் சொல்வார்கள். காரணம், மனம் தெளிந்த பிறகும் தூக்கமும் அசதியும் முழுதாகச் சீராகக் கொஞ்ச நாள் எடுக்கும். பாதியில் விட்டால் மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். 'வாழ்நாள் முழுக்க அடிமையாகிவிடுவோம்' என்ற பயம் பலருக்கு உண்டு. தூக்க மாத்திரைகளில் சிலவற்றுக்குப் பழகிப்போகும் ஆபத்து நிஜம். மனச்சோர்வு மாத்திரைகள் அந்த வகை இல்லை. ஆனால் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் போன்ற தொந்தரவு வரலாம் என்பதால் டாக்டர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

எங்கே போவது? செலவு?

2015-16-ல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில் தமிழ்நாடும் இடம்பெற்றது. வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 20-ல் ஒருவர் என்றது அந்த ஆய்வு. பாதிக்கப்பட்டவர்களில் 10-ல் 8 பேருக்கு மேல் சிகிச்சைக்கே வரவில்லை என்றும் அது காட்டியது. அந்த 8 பேரில் எத்தனையோ பேர் வலி மாத்திரைக்கும் ஸ்கேனுக்கும் காசைக் கொட்டிக்கொண்டிருக்கலாம்.

மத்திய அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். 2022 அக்டோபர் 10 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் இயங்குகின்றன. சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் வெளிநோயாளிகளைப் பார்க்கிறார்கள்.

அலுவலக இன்ஷூரன்ஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, உடல் நோய்க்குக் கொடுக்கும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. வெளிநோயாளிக் கட்டணம் சேருமா என்பது பாலிசிக்குப் பாலிசி மாறும், எச்.ஆரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பக்கத்தில் இருப்பவர் என்ன செய்யலாம்?

"ஜிம்முக்குப் போ, எல்லாம் சரியாயிடும்", "எங்க காலத்துல இதெல்லாம் ஏது?" போன்ற அறிவுரைகள் நல்லெண்ணத்தில்தான் வருகின்றன. ஆனால் எழுந்து நிற்கவே தெம்பில்லாதவரிடம் ஓடச் சொல்வது போன்றது அது. அதற்குப் பதில், "தூங்குறியா? சாப்பிடுறியா? டாக்டர்கிட்ட நானும் கூட வரட்டா?" என்று கேட்கலாம். உடம்பைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் தயங்காமல் பேசுவார்கள். அங்கிருந்து மனசுக்குப் போவது எளிது.

ரூம்மேட் ஒருவர் தன் பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தாலோ, 'நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி' என்பது போலப் பேசினாலோ காத்திருக்கக் கூடாது. நேரடியாகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது, பல நேரம் பாரம் இறங்கத்தான் செய்யும். அவரைத் தனியே விடாமல் 14416-ஐ அழையுங்கள். சென்னையின் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் எண் 044-24640050. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108.